ஒரு நிமிடத்தில் வெளுக்கும் திட்டு

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் என்றால் சுகர், பிரஷர் பார்க்கும் மேசைக்கு முன்னால்தான் கூட்டம் நெரியும். கடைசி வகுப்பறையில் திரை கட்டி, உள்ளே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அங்கே நடக்கும். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்று அந்த அறையைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஒன்றும் இல்லை என்று நினைக்கும் அந்த நாளில் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைதான் அது.

சுகர் டெஸ்ட், வந்துவிட்ட சர்க்கரையைச் சீக்கிரம் காட்டும். இந்தப் பரிசோதனை புற்றுநோய் ஆவதற்கு முன்னால் இருக்கும் நிலையையே பிடித்துவிடும். அதற்குக் காரணம், இந்த நோய் வளரும் வேகம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. உடலுறவு வழியாகத் தொற்றும் வைரஸ் இது, மிகச் சாதாரணமானது. திருமணமாகி ஒரே துணையோடு வாழும் பெண்ணுக்கும் வரலாம், அதனால் இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் இரண்டு புரதங்களை உண்டாக்கும். கண்டபடி பெருகாதபடி செல்லைக் கட்டுப்படுத்தும் பிரேக்குகளை அவை முடக்கிவிடுகின்றன. அந்தச் செல்கள் மெல்ல மெல்ல உருமாறிப் புற்றாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காலமும் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த அவகாசம் முழுவதும் வீணாகிவிடும்.

சரி, அறைக்குள் என்ன நடக்கிறது? நர்ஸ் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தோய்த்து அங்கே ஒற்றுவார். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இயல்பான செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். உருமாறிய செல்களில் உட்கரு பெரிது, புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம், எலுமிச்சை பிழிந்த பால் போல, திரிந்துகொள்ளும். ஒளி ஊடுருவ முடியாமல் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேசான எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காக்குமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தார்கள். இந்தப் பரிசோதனை நடக்காத ஊர்களின் பெண்களோடு ஒப்பிட்டு 2006 வரை கவனித்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, சில நிமிடங்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை கட்டிய அறைதான் நினைவுக்கு வரும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆபத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். திண்டுக்கல்லில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அடுத்தகட்டச் சோதனைகளுக்குப் பிறகு 1,874 பேருக்குத்தான் புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று முடிவானது. அதனால் "பாசிட்டிவ்" என்ற சொல்லைக் கேட்டு யாரும் இடிந்து போக வேண்டியதில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் நிகழும் பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும்; கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த முறை அவ்வளவாகக் கைகொடுக்காது.

திட்டு சிறியதாக இருந்தால் அதை உறைய வைத்தே அழித்துவிடலாம். 3 நிமிடம் குளிரூட்டி, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம். மயக்க மருந்து வேண்டாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம். வெள்ளைத் திட்டு தெரிந்த அன்றே, அதே இடத்தில் செய்துவிடுவது ரொம்ப முக்கியம். அந்த ஆய்விலேயே, மாற்றம் உறுதியானவர்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் பஸ் ஏறி வருவது எவ்வளவு கஷ்டம் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். முகாம் நடத்துகிறவர்கள் பரிசோதனை மேசையோடு சிகிச்சைக் கருவியையும் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் பெயரும் போன் நம்பரும் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும்.

அப்புறம், கூச்சத்துக்கும் ஒரு வழி வந்திருக்கிறது. ஹெச்.பி.வி. இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் டி.என்.ஏ. சோதனையை இப்போது உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியை ஒரு சின்ன பிரஷ்ஷாலோ பஞ்சுக் குச்சியாலோ அந்தப் பெண்ணே, கதவைச் சாத்திக்கொண்டு, தானே எடுத்துக் கொடுத்துவிடலாம்.