புது இன்ஜின் ஏறும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ரீயூனியன் போல ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த தொலைதூரத் தீவுகளில் மீன்பிடிப் படகைப் புதுப்பிக்க அரசு மானியம் என்றதும் எல்லார் கண்ணும் இன்ஜின் மேல்தான் போகும். முப்பது வருடம் ஓடிய பைபர் படகில் இன்ஜினைவிட மோசமாகக் கிடப்பது பல நேரம் அதைத் தாங்கும் பின்பலகைதான். இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவே பிளைவுட். போல்ட் துளை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே ஊறிப் போயிருக்கும்.

சின்ன பிளாஸ்டிக் சுத்தியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடம் ‘டொக்’ என்று செத்த சத்தம் தரும். சந்தேகப்பட்ட இடத்தில் உள்பக்கமிருந்து 5 மி.மீ. துளை போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் முதலில் பலகையை மாற்றியாக வேண்டும். நல்ல மரமாக இருந்தால் துளையை எப்பாக்ஸியால் அடைத்துவிடலாம். பழைய டூ-ஸ்ட்ரோக்கைவிட அதே திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் பொதுவாகக் கனம் அதிகம். ஊறிய பலகை அதைத் தாங்காது.

அடுத்தது புரொப்பல்லர். இன்ஜினை மாற்றிவிட்டுப் பழைய புரொப்பல்லரையே மாட்டுவது பணத்தைக் கடலில் போடுகிற வேலை. ஐஸ், டீசல், வலை எல்லாம் ஏற்றி முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். இன்ஜினுக்குக் குறித்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வராமல் கரும்புகை கக்கினால் புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினில் பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும்.

வேகத்துக்கென்று பெரிய இன்ஜின் கேட்பவர்களும் உண்டு. தண்ணீரைத் தள்ளிப் போகும் கனமான படகுக்கு உடலே வேலி போட்டுவிடும்: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறத்தாழ உச்ச வேகம். 36 அடிக்கு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்). இன்ஜினை இரட்டிப்பாக்கினாலும் டீசல்தான் எரியும்.

மானியத்தோடு வின்ச், பெரிய கேபின், கூரை மேல் ஐஸ் பெட்டி என்று ஏறும்போது பாரமும் மேலே போகிறது. புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் படகை அமைதியான தண்ணீரில் பக்கவாட்டில் ஆட்டி, ஒரு முழு ஆட்டத்துக்கு (ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்பி வரும் வரை) எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 4 மீட்டர் அகலமுள்ள படகு 4 நொடியில் ஆடினால் மெட்டாசென்டர் உயரம், அதாவது சாய்ந்த படகு நிமிரும் திறனைக் காட்டும் அளவு, சுமார் 0.64 மீட்டர். அதுவே 5.4 நொடியானால் 0.35 மீட்டர், மேல்தளம் மூடிய மீன்பிடிப் படகுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் கீழ்வரம்பு அதுதான். ஆட்டம் மெதுவானதும் ‘படகு சொகுசாகப் போகுது’ என்பார்கள். பயப்பட வேண்டிய இடம் அது.

இனி பணம். புதுப் படகு கட்ட மானியம் தருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஓடு நிறுத்தியிருந்தது. 2018 கடைசியில் ரீயூனியன், மர்தினிக், கதாலூப் (தமிழ் வம்சாவளியினர் வாழும் தீவுகள்தான்), அசோர்ஸ், கனரி போன்ற கடைக்கோடிப் பகுதிகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 12 மீட்டருக்குக் குறைவான படகுக்கு 60 சதவீதம் வரை, 24-க்குள் 50, அதற்கு மேல் 25. படகு 15 வருடம் அங்கேயே பதிவில் இருக்க வேண்டும்.

முட்டுக்கட்டை வேறிடத்தில். படகுகளின் மொத்த மீன்பிடித் திறன் அந்தக் கடலின் மீன்வளத்துக்குள் அடங்குகிறது என்று காட்டினால்தான் பணம். சின்னப் படகுகளின் பிடிப்புக் கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் அதை எப்படிக் காட்டுவது? ஆகவே மீன் வகை, எடை, இடம், நாள் எழுதிய பிடிப்புப் பதிவேடுதான் உண்மையில் முதல் ஆவணம்.

இன்ஜின் மாற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021–2027 மீன்வள நிதியின் விதி வேறு: படகு 24 மீட்டருக்குள் இருக்க வேண்டும், புது இன்ஜின் பழையதைவிடக் கிலோவாட்டில் கூடக் கூடாது, 12 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகிலும், இழுவலை போடும் சிறு படகிலும் கார்பன் டை ஆக்சைடும் 20 சதவீதம் குறைய வேண்டும். 150 குதிரைத்திறன் என்பது சுமார் 110 கிலோவாட். கடைக்காரர் ‘கிட்டத்தட்ட அதே’ என்று 115 கிலோவாட் இன்ஜினைக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே விழும்.

விண்ணப்பிக்கும் முன் இன்ஜினுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்கு மானியம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பில் கொடுத்த பிறகே தொகை வரும் என்பதால் இடைக்காலக் கடனையும் முன்பே பேசி வையுங்கள். பழைய இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் அதன் எண் தகட்டைப் படகின் பதிவெண்ணும் தெரியும்படி ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகு அந்த எண்ணைத் தேட முடியாது.