பம்பு ஓடியது, மீன் செத்தது

போன மே மாதம் ஒரு காலையில், காவேரிப்பாக்கத்தில் இருந்து வேலூருக்கு உயிர் மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவர் லோடு ஆட்டோவோடு என் பட்டறை வாசலில் வந்து நின்றார். பின்னால் 500 லிட்டர் தொட்டி. அதில் பாதிக்கு மேல் கட்லா வயிறு தெரிய மிதந்தது. "பம்பு நல்லாத்தான் ஓடுது, அப்புறம் ஏன் செத்துச்சு? நீங்களே பாருங்க அண்ணே" என்றார். கழற்றிப் பார்த்தேன். பம்பில் ஒரு குறையும் இல்லை.

அது படகுக்கான பம்பு. கடலில் தூண்டில் போடுகிறவர்கள் இரை மீனைச் சாகாமல் வைத்திருக்கும் தொட்டிக்குப் பொருத்துவது. அங்கே பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, வெளித்தண்ணீரை இழுத்துத் தொட்டியில் விடும். பழைய தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும். புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் வந்துகொண்டே இருக்கும். லோடு ஆட்டோவில் அதே 500 லிட்டர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. போதாததற்கு இவர் குழாயின் வாயையும் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார். தண்ணீர் சுழன்றது, காற்று கலக்கவில்லை.

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம்தான். சூடு ஏறினால் மீனுக்குத் தேவை மட்டும் கூடுகிறது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில், மூடிய தொட்டியில், நெருக்கி ஏற்றிய மீன் எத்தனை நேரம் தாங்கும்? அதனால் பம்பு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காற்று எந்த இடத்தில் தண்ணீரில் கலக்கப் போகிறது என்பதைத்தான். விலையும் பவரும் அப்புறம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மணிக்கு 800 காலன் என்றால் சுமார் 3,000 லிட்டர். ஆனால் அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு. நாலடி உயர்த்தி, குழாயைத் திருப்பும் எல்போ இரண்டு போட்டாலே நன்றாகக் குறைந்துவிடும். வயர் மெல்லிசாக இருந்தால் பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் பம்புக்குப் பத்தரைதான் போய்ச் சேரும். சுற்று குறையும், தண்ணீரை உயரத்துக்குத் தள்ளும் பலம் அதைவிட வேகமாகக் குறையும். அதற்காக மிகப் பெரிய பம்பும் வேண்டாம். 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 600 லிட்டர், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் பம்பு வழியாகப் போனால் போதும். அதற்கு மேல் வேகம் கூடினால் மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துப் போகும். இன்னொன்று, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அது அவ்வப்போது ஓடுவதற்கு. மணிக்கணக்கில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைத் தொட்டியில் 230 வோல்ட் பம்பு போட்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஈரத் தரையில் நின்றுகொண்டு அதே தண்ணீரில் கை விட்டு மீன் பிடிக்கிறார்கள். மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் அந்த லைனைக் கொடுக்கவே கூடாது. அது இருந்தாலும், கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சரி, அந்த வண்டிக்கு என்ன செய்தேன்? பம்பை மாற்றவில்லை. வரிசையாகத் துளை போட்ட பிவிசி குழாயைத் தண்ணீருக்கு மேலே படுக்க வைத்து, மழை மாதிரி விழச் செய்தேன். தனியாக 12 வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று. ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். இரண்டும் சேர்ந்து 4 ஆம்பியர் இழுக்கும். மார்க்கெட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்து மணி நேரம் விற்றால் வண்டி பேட்டரியில் 20 ஆம்பியர் மணி சார்ஜ் போய்விடும். அதனால் பேட்டரியும் தனி, பக்கத்திலேயே ஃபியூஸ். போர் தண்ணீரை நேராக நிரப்பாமல் தூவி ஊற்றச் சொன்னேன், அதில் ஆக்சிஜன் குறைவு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

இப்போது வாலாஜாவில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்க்கிறார். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். விராலுக்கு மட்டும் இந்த அடையாளம் செல்லாது. அது மேலே வந்து காற்றை விழுங்கித்தான் உயிர் வாழும். விரால் ஏற்றும் நாளில் தொட்டியை மூடிவரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.