துவக்குச் சோங்கு வெடித்தால்: மடக்குச் சோங்கு தேடுமுன் பார்க்க வேண்டியவை

பயிர்க்காவலுக்காக அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் சன்னத் துவக்கு வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில் கீறல் விழுந்து வெடித்துப்போன மரச் சோங்கை (தோளில் வைக்கும் பின்கட்டையை) கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தில் காட்டுகிற இரும்பு மடக்குச் சோங்கு ஒன்றை வீட்டிலேயே பூட்டலாமா? வெல்டிங் கடையில் அரை நாளில் செய்து தருவதாகச் சொல்கிறார்களாம்.

பூட்டக்கூடாது. முதற்காரணம் சட்டம். இலங்கையின் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், துவக்கு வைத்திருக்க மட்டுமல்ல, துவக்குத் திருத்தும் தொழிலுக்கும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வெல்டிங் கடைக்கு இல்லை. மடித்தால் சாரத்துக்குள் மறைந்துவிடும் துவக்கைத் தோட்டக்காவலுக்கு வைத்திருக்கிறேன் என்று சோதனைச் சாவடியில் சொல்லி நம்பவைக்கவும் முடியாது.

சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும் வேலை பிழைக்கும். மடக்குச் சோங்கு படை வாகனங்களுக்குள் இருப்பவர்களுக்கும் பரசூட்டில் குதிப்பவர்களுக்கும் இடம் மிச்சம் பிடிப்பதற்காக வந்தது. அதன் உயிர் பிணைச்சலில் இருக்கிறது. 25 மில்லிமீற்றர் உயரமுள்ள பிணைச்சலில் 0.4 மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால், அதிலிருந்து 190 மில்லிமீற்றர் பின்னால், கன்னம் பதியும் இடத்தில், அது 3 மில்லிமீற்றராகப் பெருகும். சன்னத் துவக்குக்குப் பின் குறி கிடையாது. கண்தான் பின் குறி. குறி பார்க்கும் குழல் நுனி மணி கண்ணிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், கண் 3 மில்லிமீற்றர் விலகினால் 30 மீற்றரில் வெடி ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் விலகிப் போகும். கையால் துளைத்துச் செய்த பிணைச்சல் சில வெடிகளிலேயே இந்த அளவு ஆட்டத்துக்கு வந்துவிடும்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. 32 கிராம் சன்னம் உள்ள தோட்டாவைச் சுடும்போது, 3 கிலோ துவக்கு விநாடிக்கு 4.5 முதல் 5 மீற்றர் வேகத்தில் பின்னால் வருகிறது. சோங்கை மாற்றி அதே துவக்கை 2.5 கிலோவாக்கினால் உதையின் சக்தி ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதை வாங்குவது மரமல்ல, கன்ன எலும்பில் முட்டும் இரும்புக் குழாய். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, பெட்டியில் வெல்டிங் வைப்பது. பூட்டுநாக்கும் சம்மட்டியும் வில்லும் இருக்கும் பெட்டி சூடேற்றிப் பதமாக்கப்பட்ட உருக்கு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். வெளியில் எதுவும் தெரியாது. பிறகு குழலும் பெட்டியும் சேருமிடம் வெடிக்கு வெடி இளகும். அப்படி இளகிய துவக்கைச் சுடச்சொல்லி யாரிடமும் கொடுக்க முடியாது.

ஆகவே வெடித்த சோங்குக்கே வருவோம். அது ஏன் வெடித்தது என்று தெரியாமல் ஒட்டினால் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும்.

முதலில் குழலை மடித்துத் திறந்து தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு சோங்கின் கழுத்தைத் துணியில் நனைத்த வைற் ஸ்பிரிட்டால் (பெயின்ற் இளக்கும் திரவம்) துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். மேற்பரப்பு உலர்ந்துவிடும், வெடிப்பு மட்டும் ஈரக் கோடாக நிற்கும். மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்க இதைவிட இலகுவான வழி கிடையாது.

கோடு பெட்டியின் மேல்வாலின் (பெட்டியிலிருந்து பின்னால் நீண்டு மரத்தில் பதியும் தகட்டின்) நுனியில் தொடங்கிப் பின்னால் ஓடினால், வால் ஆப்பாக வேலை செய்திருக்கிறது. உதையைத் தாங்க வேண்டியது சோங்கின் தலையின், அதாவது பெட்டியோடு முட்டும் முன்முனையின், இரு தோள்கள். வாலின் பின்நுனி மரத்தைத் தொடவே கூடாது. அங்கே 0.5 முதல் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். கடிதாசி நுழையாவிட்டால் காரணம் அதுதான். கோடு கழுத்தின் பக்கவாட்டில் சாய்வாக ஓடினால், மர இழை கழுத்துக்கு நேராக ஓடவில்லை; அந்தக் கட்டையைத் தெரிந்தெடுத்ததே பிழை. ஒரு தோளில் மட்டும் சிம்பு கிளம்பியிருந்தால், மற்றத் தோள் உலோகத்தைத் தொடாமல் இருந்திருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கும். ஒன்று, தளர்ந்த போல்ற். தனிக்குழல் துவக்குகள் பலவற்றில் சோங்கின் அடியிலுள்ள றபரைக் கழற்றினால் நீளத் துளைக்குள் ஒரு போல்ற் தெரியும். சோளகக் காலத்தில் மரம் சுருங்க அது தளரும். தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே போதும்: பெட்டி மரத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக ஓடிவந்து அடிக்கத் தொடங்கும். மற்றது எண்ணெய். துவக்கைக் குழல் மேலே பார்க்க அலுமாரி மூலையில் நிறுத்தி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பூசிய எண்ணெய் முழுதும் வருடக்கணக்காகச் சோங்கின் தலைக்குள் இறங்கும். மரம் கறுத்து, நகம் அழுத்தினால் பதியும் அளவுக்கு மெதுமையாகிவிடும். துவக்கைத் துடைத்து முடிந்ததும் அன்றிரவு குழல் கீழே பார்க்கத் துணியின் மேல் நிறுத்துங்கள். மற்ற நாட்களில் படுக்கையாக வையுங்கள்.

எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. பசை விட்டுப்போவதற்குப் பசைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அனேகமாக எண்ணெய்தான் காரணம். சோக்குத் தூளை அசிற்றோனில் குழைத்து 5 மில்லிமீற்றர் கனத்துக்குச் சோங்கின் தலையில் அப்பி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். தூள் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ வரும். வெள்ளையாகவே உதிரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அசிற்றோன் ஆவி தூரத்து அடுப்பிலும் பற்றும், ஆகவே வெளி முற்றத்தில்தான் இந்த வேலை. இவ்வளவுக்குப் பிறகும் மரம் உதிர்ந்தால் ஒட்டுவதில் பயனில்லை, சோங்கை மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டுவது அனுமதி பெற்ற திருத்துநரின் வேலை என்றாலும், எப்படி ஒட்டினார் என்று கேட்கச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. 24 மணித்தியாலத்தில் இறுகும் இரு குப்பி எப்பொக்சிப் பசை வேண்டும். ஐந்து நிமிட எப்பொக்சி வெடிப்பின் ஆழத்துக்குள் இறங்குமுன் இறுகிவிடும். வெள்ளைத் தச்சுப் பசை ஈரக் காற்றில் இளகும். சுப்பர் குளூ அதிர்ச்சியில் கண்ணாடி மாதிரி முறியும். ஆணியும் கம்பிக் கட்டும் மரத்தை மேலும் பிளக்கும். எப்பொக்சியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளக்கி, மெல்லிய தகட்டால் வெடிப்புக்குள் செலுத்தி, கழுத்தை அப்படியும் இப்படியும் மெல்ல அசைத்து மறுபக்கத்தால் கசிய விட வேண்டும். கட்டுவதற்குச் சைக்கிள் ரியூப்பை 20 மில்லிமீற்றர் அகலக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றினால் போதும். வளைந்த கழுத்தில் இரும்புக் கிளாம்பைவிட அது சமமாக அழுத்தும். ஒரு நாள் கழித்து ரியூப்பை அவிழ்த்து, வெடிப்புக்குக் குறுக்கே உள்பக்கமிருந்து 3 அல்லது 4 மில்லிமீற்றர் பித்தளை மரையாணி ஒன்றை எப்பொக்சியோடு இறக்க வேண்டும். போல்ற் துளையைத் தொடாமல் இருக்க முன்கூட்டி அளந்து கோடு போடுவது அவசியம். முழுப் பலத்துக்கு ஒரு கிழமை விடுங்கள்.

பிறகுதான் உண்மையான திருத்தம். குப்பி விளக்குக் கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்துப் பெட்டியின் பின்முகத்தில் தடவி, சோங்கைப் பூட்டிக் கழற்றினால் மரத்தில் கறுப்பு விழும். இரண்டு தோள்களிலும் ஒரே அளவு விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அங்கே கூரிய உளியால் மயிரளவு சீவி மீண்டும் பார்க்க வேண்டும். வால் நுனியிலும் கறுப்பு விழுந்தால் அந்த மரத்தை எடுத்தே ஆக வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை. பல திருத்துநர்கள் இதைத் தவிர்ப்பதால்தான் ஒட்டிய சோங்குகள் திரும்பி வருகின்றன.

புதுச் சோங்கு செய்விப்பதானால் ஓடாவியாரிடம் மரத்தைப் பற்றிப் பேசுங்கள். வால்நட் (அக்ரூட்) மரம் எங்கள் பக்கம் கிடைப்பது அரிது. முதிரை பலமானது, பாரமும் கூட. உதைக்கு அந்தப் பாரம் நல்லதுதான். பாலை தண்ணீரில் தாழும் பாரம், சோங்குக்குக் கூடிப்போகும். தேக்கு இயல்பாகவே எண்ணெய்ப்பசை உள்ளது, ஒட்டு வேலைக்கு ஒத்துவராது. பனையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம், நார் நாராகப் பிரியும். எந்த மரமானாலும் கழுத்தில் இழை நேராக ஓட வேண்டும். கட்டையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்து, நிறை மாறாமல் நின்ற பிறகே வெட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வெட்டிய பச்சைக் கட்டை ஆவணியில் முறுக்கிக்கொள்ளும்.

மேற்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் உலரவே உலராது, பிசுக்காகிப் பூஞ்சணம் பிடிக்கும். றபரின் அடியில் தெரியும் மர முனைக்கும் போல்ற் துளைக்கும் மறக்காமல் பூசுங்கள், மழைக்கால ஈரம் நுழையும் வாசல் அவைதான். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

திருத்தக் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் குழலிலும் பெட்டியிலும் உள்ள இலக்கங்களை அனுமதிப்பத்திரத்தோடு ஒப்பிட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிவதால், வருட இறுதியில் திருத்தக் கொடுப்பவர்கள் புதுப்பிக்கும் வேலையை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். தோட்டா அறை 65 மில்லிமீற்றரா 70 மில்லிமீற்றரா என்று அப்போதே அளப்பித்து எழுதி வாங்குங்கள். 70 மில்லிமீற்றர் தோட்டா 65 அறைக்குள்ளும் சுலபமாகப் போய்விடும், சுடும்போது மட்டும் வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். திருத்துநர் சோதனை வெடி வைத்து முடித்ததும் வைற் ஸ்பிரிட்டால் கழுத்தை உங்கள் முன்னிலையில் இன்னொருமுறை துடைக்கச் சொல்லுங்கள். ஈரக் கோடு தெரிந்தால் துவக்கை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.