மிதித்தால் காய்ந்து போகும் ஈர மணல்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் புதுச்சேரியில் இருந்து அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன் கிடைக்கிற அந்தச் சில நாட்கள்தான் எங்களுக்குக் கடற்கரைக் காலம். மஞ்சக்குப்பத்தில் இருந்து விடிகாலை ஐந்தரைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பலாம். கடலூரில் கோடைத் தொடக்கம் அவ்வளவு அழகு. சவுக்குத் தோப்பில் இன்னும் குளிர்ச்சி இருக்கும், அடப்பங்கொடியில் ஊதாப் பூ விரிந்திருக்கும், ராவணன் மீசைப் புல்லின் உருண்டை ஒன்று காற்றில் உருண்டு உருண்டு நம் சைக்கிளை முந்திக்கொண்டு போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் முதுநகரில் கட்டிக் கிடக்க, கடல் கொஞ்சம் ஓய்வெடுப்பது போலத் தெரியும்.

போன வாரம் அலை ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது அவள் திடீரென்று குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மாமா, தண்ணி ஓரத்துலதானே நிக்கிறோம், மணல் ஏன் காய்ஞ்சு போகுது?"

நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலை வந்து திரும்பிப் போன இடத்தில், பளபளவென்று ஈரமாக இருக்கிற மணலில் அழுத்திக் காலை வையுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்துப் போகும், யாரோ ஒற்றுத்தாள் வைத்து உறிஞ்சின மாதிரி. சில நொடி அப்படியே நின்றால் மெல்ல மெல்லத் திரும்ப ஈரமாகும். காலை எடுத்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் கசிந்து மினுங்கும். சின்ன வயதில் இருந்து பார்க்கிறோம், ஆனால் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டாலும் "கால் அழுத்துறதுல தண்ணி பிதுங்கி ஓடிடுது" என்று ஒரு பதில் சொல்லிவிடுவோம். யோசித்துப் பாருங்கள், பஞ்சைப் பிழிகிற மாதிரி தண்ணீர் பிதுங்கினால் அது மேலே அல்லவா வரவேண்டும்? காலைச் சுற்றி இன்னும் ஈரமாகத்தானே ஆகவேண்டும்? நடப்பது நேர் தலைகீழ்.

முதலில் வேகமாக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒன்று, ஈர மணல் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? மணல் துகளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒளி நன்றாகச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வரும், வெளுப்பாகத் தெரியும். நடுவே தண்ணீர் இருந்தால் ஒளி இன்னும் ஆழமாக உள்ளே போய்க் கொஞ்சம் உறிஞ்சப்பட்டுவிடும், அதனால் கருத்துத் தெரியும். அப்படியானால் வெளுத்துப் போன இடத்தில் மேல்மட்டத்துத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு, தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேர்த்தால் எப்படி ஒட்டிக்கொள்கிறதோ, அப்படித்தான் ஈர மணலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே குட்டிக் குட்டித் தண்ணீர்ப் பாலங்கள். கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் சந்து, நிலத்தடி ஈரத்தை ஏறக்குறைய ஒரு அடி உயரத்துக்கு மேலே இழுத்து வைத்துக்கொள்ளும். அலை எட்டாத இடத்திலும் ஒரு சாண் தோண்டினால் ஈரம் வருவது அதனால்தான்.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

வீட்டில் அரிசி அளக்கிற படியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை லேசாகக் கொட்டி நிரப்புங்கள், அப்புறம் படியை நாலு தட்டுத் தட்டுங்கள். அரிசி இறங்கிக்கொள்ளும், இன்னும் ஒரு பிடி போட இடம் கிடைக்கும். அந்தக் காலத்தில் தட்டி அள என்று கடைக்காரரிடம் சண்டை போட்டதெல்லாம் இந்த இயற்பியலுக்காகத்தான். ஒரே அளவுள்ள உருண்டைகளைக் கொட்டித் தட்டித் தட்டி நெருக்கினால் மொத்த இடத்தில் ஏறக்குறைய 64 சதவீதத்தை அவை நிரப்பும், மீதி 36 சதவீதம் சந்துதான். பழக்கடையில் சாத்துக்குடியைப் பார்த்துப் பார்த்து அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கினால்கூட 74 சதவீதத்தைத் தாண்ட முடியாது. இதை 1611இல் கெப்ளர் ஊகமாகச் சொன்னார், நிரூபணம் வர 1998 ஆனது.

கடல் ஓர மணலை யார் தட்டுகிறார்கள்? அலைதான். ராத்திரி பகலாக ஒவ்வொரு அலையும் வந்து மணலை உலுக்கி உலுக்கி இறக்குகிறது. அந்தப் பட்டையில் இருக்கிற மணல் தட்டி அளந்த அரிசி மாதிரி நெருங்கிக் கிடக்கிறது, ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகள்களுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் வாகாக உட்கார்ந்திருக்கிறது. இப்போது நீங்கள் கால் வைக்கிறீர்கள். மணல் விலக வேண்டும். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற துகள் பக்கவாட்டில் நகரவேண்டுமென்றால் என்ன செய்யும்? பக்கத்துத் துகளின் தோள்மேல் ஏறித்தான் போகவேண்டும், வேறு வழியே இல்லை. ஒரு துகள் ஏறினால் அதற்கு மேலே இருப்பதும் எழும்பவேண்டும், அதற்கு மேலே இருப்பதும் எழும்பவேண்டும். ஆக மொத்த மணலும் முன்பு இருந்ததைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது.

அதாவது, நீங்கள் அழுத்தினால் அது விரிகிறது!

விரியும்போது துகள்களுக்கு நடுவே இருக்கிற சந்துகள் பெரிதாகின்றன. அங்கே இருந்த தண்ணீர் போதவில்லை. உடனே மேல்மட்டத்தில் பளபளத்துக்கொண்டிருந்த தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மணலின் முகம் வெளுக்கிறது. பக்கத்து மணலில் இருந்து தண்ணீர் ஊறி வந்து சேரச் சில நொடி ஆகும், அதுதான் அந்த வெள்ளை வட்டம் இருக்கிற நேரம். காலை எடுத்ததும் துகள்கள் மறுபடி சரிந்து இறங்குகின்றன, சந்து சுருங்குகிறது, சேர்ந்துபோன உபரித் தண்ணீர் தடத்தில் கசிகிறது. ஒரு காலடிக்குள் இத்தனை நாடகம்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1885இல். குழாயில் தண்ணீர் சீராக ஓடுமா சுழித்து ஓடுமா என்று சொல்கிற ரெனால்ட்ஸ் எண் படித்திருப்பீர்களே, அவரேதான். ஒரு ரப்பர் பையில் மணலையும் தண்ணீரையும் நிரப்பி, மேலே ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தி, எல்லார் முன்னாலும் பையை அழுத்திக் காட்டினார். குழாயில் தண்ணீர் ஏறும் என்று யாரும் நினைப்பார்கள். இறங்கியது. அவருக்கு இது பெரிய கனவைத் தந்தது, அண்டவெளி முழுவதும் நிறைந்திருப்பதாக அப்போது நம்பப்பட்ட ஈதர் என்ற பொருளே இப்படிப்பட்ட துகள்களால் ஆனது என்று கடைசி வரை நம்பினார். ஈதர் என்று ஒன்று இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் கடற்கரைக் காலடி பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

நீங்களும் செய்யலாம். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஈர மணலைத் தட்டித் தட்டி நிரப்புங்கள், தண்ணீர் ஊற்றிக் காற்றுக் குமிழி எல்லாம் போகவிடுங்கள், மூடியில் ஓட்டை போட்டு ஒரு உறிஞ்சுகுழல் செருகி ஓரத்தை மெழுகால் அடைத்துவிடுங்கள். குழலில் பாதிவரை தண்ணீர் தெரியவேண்டும். பாட்டிலை அழுத்துங்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைச் செய்தபோது அக்கா மகள் எட்டு முறை அழுத்திப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் தண்ணீர் கீழேதான் போனது. அதன்பிறகு அவள் பாட்டி வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "அதெப்படி?" என்று என்னைப் பார்த்தார்கள். இன்னொன்று, கழுத்துக் குறுகின செம்பில் அரிசியை நன்றாகக் குத்தி அடைத்து, அதில் ஒரு கம்பியைப் பலமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். கடைசியில் கம்பியைத் தூக்கினால் செம்பும் சேர்ந்து மேலே வரும். காரணம் அதேதான், கம்பி வெளியே வர அரிசி விரியவேண்டும், விரியச் செம்பு விடவில்லை, அரிசி இறுகிக் கம்பியைக் கவ்விக்கொள்கிறது.

அலை ஓர ஈர மணலில் சைக்கிள் புதையாமல் ஓடுகிற சமாச்சாரமும் அந்த இறுக்கம்தான். அறுபது கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.4 கிலோ பாரம். சைக்கிள் டயரில் 40 பவுண்டு காற்று இருந்தால் டயர் தரையை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவுக்குக் கிட்ட. காலைவிட ஏழு மடங்கு. இருந்தும் காய்ந்த மணலில் பத்தடி போவதற்குள் சக்கரம் புதைந்து நிற்கிற அதே சைக்கிள், அலை ஓரத்தில் தார்ச்சாலை மாதிரி ஓடுகிறது. டயர் அழுத்த அழுத்த மணல் விரியப் பார்க்கிறது, விரிவதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் அவ்வளவு வேகமாக வந்து சேராது, அதனால் சந்துகளில் உறிஞ்சல் உண்டாகித் துகள்களை ஒன்றோடொன்று இழுத்து நெருக்குகிறது. பாரம் ஏறுகிற அந்த நொடியில், பாரம் ஏறுகிற அந்த இடத்திலேயே மணல் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. மெதுவாகப் போனால் கொஞ்சம் பதியும், விட்டு மிதித்தால் பதியாது, ஓட்டிப் பாருங்கள் தெரியும். காய்ந்த மணலைக் கடந்தே ஆகவேண்டுமென்றால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், பரப்பு கூடும், புதைவது குறையும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி எண்ணெய் விட மறக்காதீர்கள்.

காய்ந்த மணல் மேட்டுப் பக்கம் சைக்கிளோ வண்டியோ ஓட்டவே வேண்டாம் என்று சொல்வேன். பங்குனி ஆமை முட்டையிடுகிற இடம் அது. குஞ்சு வெளியே வருகிற மாதங்கள் இவை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுக்கு டயர் தடம் ஒரு வாய்க்கால், விழுந்தால் கடலுக்குப் போகாமல் அதிலேயே நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். நண்டு வளைகளும் அங்கேதான். நண்டு தோண்டின வளை இடியாமல் நிற்கிறதே, அதுவும் நான் சொன்ன தண்ணீர்ப் பாலங்களின் வேலைதான். ஈரம் இருக்கிற ஆழம் வரை அது இறங்கித் தோண்டும்.

மணலின் இந்தக் குணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிற ஒரு உயிரும் உண்டு. அலை வாங்கும்போது உட்கார்ந்து பாருங்கள், விரல் நகம் அளவு மட்டிகள் மணலில் இருந்து வெளிப்பட்டுக் கிடக்கும், அடுத்த அலைக்குள் செங்குத்தாக நிமிர்ந்து வெடுக் வெடுக்கென்று ஆடி உள்ளே போய்விடும். அந்த ஆட்டமும், தன் சிப்பி ஓட்டைச் சட்டென்று மூடித் தண்ணீரைப் பீச்சுவதும் பக்கத்து மணலை இளக்கிவிடுகின்றன. கட்டை விரலைவிடச் சின்ன உயிர், நம் டயர் இறங்க முடியாத மணலில் சில நொடியில் இறங்குகிறது.

தட்டி இறங்காத, தளர்ந்து கிடக்கிற ஈர மணலை அழுத்தினால் விரியாது, சுருங்கும். சந்து குறையும், தண்ணீருக்கு இடம் போதாமல் அது துகள்களையே தாங்கிக்கொள்ளும், மணல் கூழாகிவிடும். கெடிலம் ஆறும் தென்பெண்ணை ஆறும் கடலில் சேருகிற முகத்துவாரங்களில் ஆறு புதிதாகக் கொட்டின மணல் அப்படி இருக்கலாம். அந்த மாதிரி இடங்களைக் காவு வாங்குகிற இடம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. புதைமணலின் அடர்த்தி நம் உடம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, இடுப்புக்கு மேல் அது ஆளை இழுக்காது. ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் ஏறினால் ஆபத்து, முகத்துவார நீரோட்டமும் ஆபத்து. காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் தள்ளி நிற்பார்கள். கடல் ஆள் கேட்கிறது என்று சொன்னால், பரிகாரம் செய்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மணல் இயற்பியலுக்குப் பெரிய கருவி தேவையில்லை, வாளியும் எடை மெஷினும் ஒரு கேமராவும் போதும். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில், மணலில் அளவாக ஈரம் இருந்தால் அதன்மேல் பாரத்தை இழுக்க ஏறக்குறைய பாதி விசை போதும் என்று சாதாரணக் கருவியை வைத்துத்தான் காட்டினார்கள். நிலச்சரிவு, நில நடுக்கத்தில் மண் கூழாவது, சிமெண்ட், நெல் கொட்டுகிற குதிர் எல்லாமே இந்தப் பாடம்தான். புதுச்சேரியில் 1980களில் துறைமுகத் தடுப்புகள் வந்தபிறகு தெற்கில் இருந்து வடக்கே போகிற மணல் நின்று, நகரத்துக் கடற்கரையே கருங்கல்லாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். கடலில் செயற்கைத் திட்டு வைத்த பிறகுதான் காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. இவ்வளவு பட்ட ஊர்களில், கடலோரக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் மணல் படிக்க வருடம் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் என்ன? ராக்கெட்டுக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, இதற்கும் கொடுங்கள் என்கிறேன்.

நேற்றுக் காலை அக்கா மகள் ஒரு நோட்டோடு வந்தாள். அலை தொடுகிற விளிம்பு, அதில் இருந்து பத்தடி மேலே, இருபதடி மேலே என்று மூன்று இடத்தில் காலை அழுத்தி, வெள்ளை வட்டம் எத்தனை நொடி இருக்கிறது என்று எண்ணி எழுதினாள். அப்புறம் நான் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போக, அவள் குனிந்து முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். டயர் மணலைத் தொடுகிற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மணல் வெளுத்துக்கொண்டு போவதை அவள்தான் முதலில் கவனித்தாள்.