வீகோர்: உள்ளக மின்னழுத்தம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மேசைக் கணினியைத் தாமே அசெம்பிள் செய்து, செயலியின் (பிராசஸரின்) வேகத்தை ஓவர்கிளாக் மூலம் கூட்டிப் பார்க்கும் இளைஞர்களிடையே, ‘பாதுகாப்பான வீகோர் எவ்வளவு?’ என்ற கேள்வியோடு அதிகம் புழங்கும் சொல் ‘வீகோர்’. இதில் ‘வீ’ வோல்டேஜின் முதலெழுத்து. ‘கோர்’ செயலியில் கணக்கிடும் வேலையைச் செய்யும் உட்பகுதி.

வோல்ட் என்ற அலகு, 1800இல் தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலியர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவின் பெயரால் அமைந்தது. 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அதை ஏற்றது. தமிழில் இதை மின்னழுத்தம் என்கிறோம். எல்லையோர மலையாளவழிப் பள்ளிகளில் படித்தவர்கள் ‘வோல்ட்டத’ என்பார்கள்.

‘கோர்’ ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1993இல் வந்த இன்டெல்லின் முதல் பென்டியம் செயலி முழுவதும் 5 வோல்ட்டில் இயங்கியது. 1997இன் பென்டியம் எம்எம்எக்ஸில் உட்பகுதிக்கு 2.8 வோல்ட்டும், வெளியுலகோடு பேசும் சுற்றுக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியே தரப்பட்டதால், எந்த மின்னழுத்தம் என்று சொல்லவேண்டிய தேவை மேசைக் கணினியிலும் வந்துவிட்டது. சிலர் ‘கரு மின்னழுத்தம்’ என எழுதுகிறார்கள். மின்மாற்றியின் ‘கோர்’ பகுதியைப் பாடநூல்கள் ஏற்கெனவே ‘உள்ளகம்’ என்பதால், ‘உள்ளக மின்னழுத்தம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வீட்டில் வோல்டேஜ் குறைந்தால் வீகோரும் குறையும் என்று தவறாக எண்ணி ஸ்டெபிலைசர் வாங்குவோர் உண்டு. சுவரிலுள்ள 230 வோல்ட்டைப் பவர் சப்ளை 12 வோல்ட்டாக்குகிறது. அதை மதர்போர்டிலுள்ள சீராக்கிச் சுற்று ஏறத்தாழ 1 முதல் 1.4 வோல்ட்டாக இறக்கிச் செயலிக்குத் தருகிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலில் நாம் மாற்றுவது இந்தக் கடைசி அளவை மட்டுமே.

‘பாதுகாப்பான’ என்ற அடைமொழிதான் சிக்கலானது. வேகம் மாறாதிருந்தாலும் செயலி உண்ணும் இயக்கத் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் அந்தத் திறன் 21 விழுக்காடு கூடும். வெப்பமும் மின்னோட்டமும் கூடக்கூட, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மணலைத் தள்ளுவதுபோல, எலக்ட்ரான்களின் ஓட்டம் நுண்கம்பியின் உலோக அணுக்களை மெல்ல நகர்த்தும். இதை மின்பெயர்ச்சி என்பர். கணினி இன்று நிலையாக ஓடுவது மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

சில இன்டெல் செயலிகளின் தரவேட்டில் (டேட்டாஷீட்டில்) காணும் 1.52 வோல்ட், செயலி கேட்கக்கூடிய அளவுகளின் உச்சவரம்பு. எப்போதும் அதில் ஓட்டலாம் என்ற அனுமதி அன்று. தன் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளின் நிலைகுலைவுக்கு மிகை மின்னழுத்தமே காரணம் என்று 2024இல் இன்டெல்லே அறிவித்து, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கும் மைக்ரோகோடை, அதாவது செயலியின் உள்கட்டளை நிரலை, வெளியிட்டது. 2023இல் தன் ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி நிறுவனம் விதித்த 1.30 வோல்ட் வரம்பையும் சிலர் வீகோர் என்கிறார்கள். அது எஸ்ஓசி மின்னழுத்தம். செயலியில் நினைவகக் கட்டுப்படுத்தி முதலியவை அமைந்த வேறொரு பகுதிக்கு உரியது.

பயாஸில் இட்ட அளவும் செயலியை அடையும் அளவும் ஒன்றல்ல. முழுச்சுமையில் உள்ளக மின்னழுத்தம் சற்றுத் தாழும். அதை ஈடுகட்ட, சுமையில் அது எவ்வளவு தாழலாம் என்பதைத் தீர்மானிக்கும் லோட்லைன் அமைப்பைக் கடுமையாக்கினால், சுமை விலகும் கணத்தில் அது இட்ட அளவையும் தாண்டித் துள்ளும். சாதாரணக் கண்காணிப்பு மென்பொருளின் கண்ணில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் படுவதில்லை.