அறுபது மைல் வேகம் சரி, எந்தத் தண்ணீரில்?

மோட்டார் படகு விளம்பரத்தில் 'மணிக்கு அறுபது மைல்' என்று போட்டிருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஏன் என்று சொல்கிறேன். 1960இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் வரை ஒரு மோட்டார் படகுப் பந்தயம் நடந்தது. அன்றைக்குக் கடல் பொல்லாததாக இருந்தது. டிக் பெர்ட்ராமின் 'மோப்பி' என்ற மரப்படகு சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் மோப்பியை வடிவமைத்த ரே ஹன்ட்டின் கைவண்ணம்தான். மூன்றாவது படகு வர மறுநாள் ஆகிவிட்டது. அலைக்குப் பயந்து மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க, மோப்பி அவ்வளவாகக் குறைக்கவில்லை. ரகசியம் எஞ்சினில் இல்லை, படகின் வயிற்றில் இருந்தது.

மெதுவாகப் போகும் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. தான் கிளப்பிய அலையிலேயே அது மாட்டிக்கொள்ளும். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு இந்த வரம்பு மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர்தான். இன்னும் முடுக்கினால் முன்முனை வானத்தைப் பார்த்து எழும்பும், ஓட்டுபவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. அந்த மேட்டை ஏறித் தாண்டிவிட்டால் படகு சட்டென்று சமநிலைக்கு வந்து, நீரின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதே சங்கதி.

வழுக்கிப் போவதற்குத் தட்டையான அடிப்பகுதிதான் தோது. ஆனால் அது ஏரிக்குச் சரி. கடலில் படகு அலையை விட்டுத் துள்ளி விழும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் படகை, தண்ணீர் 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பவர் உணரும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ பதினோரு மடங்கு. அதே வீழ்ச்சி அரை மீட்டரில் மெல்ல அடங்கினால் மூன்று மடங்குதான். தட்டை அடி தண்ணீரை அறைகிறது. கத்திபோன்ற 'வி' வடிவ அடி தண்ணீருக்குள் இறங்குகிறது. மோப்பியின் அடிப்பகுதி, பின்கோடி வரைக்கும் ஏறத்தாழ 24 பாகைச் சரிவோடு இருந்தது. அதற்கு முந்தைய படகுகள் பலவற்றில் முன்பக்கம் மட்டும் கூர்மையாக இருக்கும், பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும்.

இந்தச் சுகத்துக்கு விலையும் உண்டு. ஆழமான 'வி' அதிக குதிரைத்திறன் கேட்கும், எரிபொருளைக் குடிக்கும், நின்றால் பக்கவாட்டில் ஆடும். ஆகவே அமைதியான ஏரியில் ஒரே எஞ்சினைப் பூட்டிப் பார்த்தால், 24 பாகைப் படகு தட்டைப் படகிடம் தோற்கும். விளம்பரத் தாளில் அச்சாகும் உச்ச வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

இழந்த வேகத்தை மீட்க ஒரு வழி, அடிப்பகுதியில் குறுக்கே படி வெட்டுவது. படியில் தண்ணீர் அறுந்து விலகும்போது பக்கத்திலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். நனையும் பரப்பு குறைந்து உராய்வும் குறையும். ஆனால் வேகத்தில் வெடுக்கென்று திருப்பினால் பின்பக்கம் பிடி விட்டுச் சுழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட படகை ஓட்டத் தனிப் பழக்கம் வேண்டும். இன்னொரு வழி, நடுவே காற்றுச் சுரங்கம் விட்ட இரட்டை உடல் படகு. அதற்கு உலகம் வைத்த பெயர் கேட்டமரான். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான், ஆனால் கட்டைகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது!

சரி, வடிவம் நன்றாக இருக்கிறது. அலை அறையும் இத்தனை அடியையும் இன்றைய படகுகளில் வருடக்கணக்கில் தாங்குவது கண்ணாடியிழையும், இறுகிக் கெட்டியாகும் ரெசின் என்ற பசையும்தான். வலு பெரும்பாலும் இழையிலிருந்து வருகிறது. ரெசின் அதை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. மலிவான முறையில், நறுக்கிய இழையையும் ரெசினையும் துப்பாக்கியால் அச்சின்மேல் பீய்ச்சுவார்கள். தடிமன் அன்றைக்கு அடிப்பவரின் கையைப் பொறுத்தது. நல்ல பட்டறைகளில் உலர்ந்த இழைத்துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, வெற்றிட பம்பு வைத்து ரெசினை உறிஞ்ச விடுகிறார்கள். மிச்ச ரெசின் தங்காது. எடை குறைந்தும் வலு குறையாது.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இடங்கள் பளபளப்பான இடங்கள் அல்ல. பக்கவாட்டில் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால் 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்புறம் எஞ்சின் தொங்கும் பின்பலகை. வெளியே மாட்டும் எஞ்சினை அவுட்போர்டு என்பார்கள். 300 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்றே ஏறத்தாழ கால் டன் கனக்கும். அதை மாட்டிய போல்ட் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால், உள்ளே மரப்பலகை வைத்த படகில் அது நீர் குடித்து ஊறிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

கடைசியாக, டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைமூடியைத் திறந்து, நீளவாக்கில் ஓடும் விட்டங்கள் அடிப்பகுதியோடு சேரும் மூலைகளைப் பாருங்கள். அங்கே தலைமுடிபோல் விரிசல் ஓடினால், அந்தப் படகு ஏற்கனவே தன் பலத்துக்கு மீறிய அலைகளைப் பார்த்திருக்கலாம்.