விசிறியின் ரீங்காரத்தை ஒலியால் அடக்குவது எப்படி?

கணினிக்குள் சுழலும் விசிறி எழுப்புவது ஒரு சத்தமல்ல, இரண்டு. காற்று கலைந்து பாயும் ‘உஸ்ஸ்’ ஒன்று. அதனடியில் விடாமல் ஒலிக்கும் ரீங்காரம் மற்றொன்று. காதை அதிகம் படுத்துவது ரீங்காரம்தான். நல்லவேளையாக, ஒலியைக் கொண்டே ஒலியை அடக்கும் உத்திக்கு வசமாகச் சிக்குவதும் அதுவே.

மேசைக் கணினியின் விசிறி ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். நடுவிலுள்ள மோட்டாரைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகள் மூன்றோ நான்கோ இருக்கும். ஒவ்வோர் இறக்கையும் தள்ளிவிடும் காற்று அந்தத் தாங்கிகளில் மோதி ஓர் அழுத்தத் துடிப்பை எழுப்புகிறது. 7 இறக்கைகள், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 50 சுற்று, 350 துடிப்பு. அதாவது 350 ஹெர்ட்ஸ் ரீங்காரம். கூடவே 700, 1,050 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும்.

ஓர் அலை மேடாக இருக்கும் கணத்தில் பள்ளமாக இருக்கும் இன்னோர் அலையை அனுப்பினால் இரண்டும் கழிந்துவிடும். ஜெர்மானியரான பவுல் லூயெக் இதற்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். கருத்து எளிது, கணக்குதான் கறாரானது. எதிர் ஒலி ஒரு சுழற்சியில் ஆறில் ஒரு பங்கு பிசகினால் பலன் சுழியம். அதற்கும் மேல் பிசகினால் சத்தம் கூடிவிடும். 350 ஹெர்ட்ஸில் அந்தப் பங்கு அரை மில்லி நொடிக்கும் சற்றுக் குறைவு.

இந்தத் துல்லியத்துக்கு விசிறியே உதவுகிறது. அதன் மூன்றாவது கம்பி சுற்றுக்கு இரண்டு மின்துடிப்பு வீதம் தாய்ப்பலகைக்கு வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ரீங்காரத்தின் அதிர்வெண்ணை, எதிர் ஒலியைக் கணக்கிடும் மின்னணுச் சில்லு முன்கூட்டியே அறிகிறது. அருகிலுள்ள ஒலிவாங்கி மிச்சச் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, அது குறையும் திசையிலேயே சில்லு எதிர் ஒலியை இம்மி இம்மியாகத் திருத்துகிறது. அமெரிக்கப் பொறியாளர்கள் விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் வகுத்த கணக்கு முறையின் வழிவந்ததுதான் இந்தத் திருத்தம்.

அப்படியானால் அழிந்த ஒலியின் ஆற்றல் எங்கே போகிறது? நியாயமான கேள்வி. எதிர் ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கியை அறையின் மறுகோடியில் வைத்தால் ஆற்றல் எங்கும் போகாது; ஓரிடம் அமைதியாகும், இன்னோரிடம் இரையும். விசிறியை ஒட்டியே வைத்தால் கதை வேறு. 350 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதன் முன்னால் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. விசிறி காற்றை முன்னே தள்ளும்போது ஒலிபெருக்கி பின்னே இழுக்கிறது. காற்று இரண்டுக்கும் இடையே அசைந்தாடுகிறதே தவிர, வெளியே அலையாகக் கிளம்புவது மிகவும் குறைந்துவிடுகிறது. ஒலி அழிக்கப்படுகிறது என்பதைவிட, பிறக்கவிடாமல் தடுக்கப்படுகிறது என்பதே சரி.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் சோமர்ஃபெல்ட்டும் கென்ட் ஜீயும் 2000-களில் செய்துகாட்டியது இதைத்தான். விசிறியைச் சுற்றி நான்கு சிறு ஒலிபெருக்கிகளைப் பதித்து, ஒலிவாங்கிகளை எந்த இடத்தில் வைத்தால் அறை முழுவதும் சத்தம் குறையும் என்பதையும் கணக்கிட்டார்கள்.

‘உஸ்ஸ்’ சத்தம் இதற்கெல்லாம் மசியாது. சுழல்காற்றின் அடுத்த அசைவு எப்படியிருக்கும் என்று எந்தக் கம்பியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒலிவாங்கி கேட்டுச் சில்லு கணக்குப் போடுவதற்குள் அலை கடந்துவிடும். நீண்ட குளிர்சாதனக் குழாயில் அதற்கு அவகாசம் உண்டு, கையடக்கப் பெட்டிக்குள் இல்லை.

ஸ்வீடனின் ரோட்டோசப் நிறுவனம் இன்னும் துணிச்சலாக யோசித்தது. இறக்கை நுனிகளில் காந்தம், சட்டத்தில் கம்பிச்சுருள். இறக்கையே அதிர்ந்து ஒலிபெருக்கியாகிவிடும். விசிறி தயாரிக்கும் நாக்டுவா நிறுவனத்தோடு சேர்ந்து மாதிரி விசிறியும் செய்தது. அழகான யோசனைதான். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினாலே ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பதால், பெட்டியில் இடமிருப்பவர்களுக்குப் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதே மலிவு. இந்த வித்தையெல்லாம் இடமில்லாத மெல்லிய கருவிகளுக்குத்தான்.